இடைவெளி விட்டாலும் குற்றம், விடாவிட்டாலும் குற்றம்

ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல், அதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்தான் ஷெல் ஸ்கிரிப்ட். அதை எழுத உட்கார்ந்த முதல் நாள், முதல் வரியிலேயே அடி வாங்கினேன். ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா மாதிரியான வேரியபிள் ஒன்றுக்குப் பெயர் வைத்து, சமக்குறி போட்டு, பக்கத்தில் 5 என்று எழுதினேன். கணக்கு நோட்டில் எழுதிப் பழகிய கை, சமக்குறிக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம், அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தானே எழுதும்? என்டர் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்கிறது. எது கட்டளை? நான் எங்கே கட்டளை கொடுத்தேன்? அரை மணி நேரம் முழித்துவிட்டு, எங்கெங்கோ தேடிப் படித்து, இடைவெளியை எடுத்தேன், வேலை செய்தது. சரி, இந்த ஊரில் இடைவெளியே விடக் கூடாது போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்து எழுதிய, நிபந்தனை பார்க்கும் இஃப் வரியில் சதுர அடைப்புக்குறியை ஒட்டி எழுதினேன். அதற்கும் திட்டு. அங்கே இடைவெளி விட்டே ஆகவேண்டுமாம்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் கதையாக அல்லவா இருக்கிறது என்று அன்றைக்கு மூடி வைத்தவன், ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தது தற்செயல். ராத்திரி ஷிப்டில் சப்போர்ட், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்வர் அறை, இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான டெர்மினலில் நுழைவது, எல்எஸ் அடித்து ஃபைல்களைப் பார்ப்பது, சீனியர் எழுதி வைத்த கட்டளைகளைக் காப்பி அடித்து ஒட்டுவது, இவ்வளவுதான் தெரியும். என் ஷெல் அறிவு எல்லாம் ஒரு நோட்பேட் ஃபைலில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

திரும்ப ஷெல் பக்கம் இழுத்து வந்தது ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தது. வெப்சைட் நொண்டுகிறது என்று போன். யாரோ ஓயாமல் வந்து தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வந்து போனவர்களைப் பதிவு செய்யும் லாக் ஃபைல் இருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் முதலில் வந்தவரின் ஐபி முகவரி, அப்புறம் நேரம், அப்புறம் கேட்ட பக்கம். நான் என்ன செய்தேன்? அதை என் மெஷினுக்கு இறக்கி எக்செலில் திறக்கப் பார்த்தேன். எக்செலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிதான் கொள்ளும், அந்த லாகோ அதைப்போல நாலு மடங்கு. எக்செல் வெள்ளையாகி உறைந்து நின்றது. சர்வர் அறைக் குளிருக்கு எப்போதும் மங்கி குல்லாவோடு திரியும் சீனியர் அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்தார். “தள்ளு தம்பி” என்றார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஒரே ஒரு வரி அடித்தார். பத்து விநாடி இருக்கும். பத்து முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை, பெரியதிலிருந்து சிறியதாக. முதல் ஆள் மட்டும் லட்சக்கணக்கில். “இவன்தான், பிளாக் பண்ணிடு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வரியை நான் நோட்பேடில் ஒட்டி வைக்கவில்லை. முதல் முறையாக அதைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். ஐந்து சின்ன நிரல்கள், நடுவில் நாலு செங்குத்துக் கோடுகள். ஆக் ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை மட்டும் பிடுங்கிக் கொடுக்கிறது. சார்ட் அதை வரிசைப்படுத்துகிறது. யுனிக் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி எண்ணிக்கை போடுகிறது. இன்னொரு சார்ட் அந்த எண்ணிக்கையை வைத்துத் தலைகீழாக அடுக்குகிறது. ஹெட் முதல் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கிறது. இதில் முதல் சார்ட் எதற்கு, கடைசியில்தான் வரிசைப்படுத்தப் போகிறோமே, தண்டம் என்று அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரே முகவரி நூறு இடத்தில் தனித்தனியாக வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, யுனிக்குக்கு ஊர் முழுக்கத் தெரியாது, தனக்கு நேர் மேலே இருக்கும் வரியோடு மட்டும்தான் ஒப்பிடும். ஒரே மாதிரி ஆட்களை முதலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தால்தான் அதால் எண்ண முடியும். அதனால்தான் அதற்கு முன்னால் சார்ட். இப்படி ஒரு வேண்டாத துண்டை எடுத்துப் பார்த்து, உடைத்து, ஏன் உடைந்தது என்று பார்த்ததில் கற்றுக்கொண்டதை எந்த வீடியோவும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

அந்தச் செங்குத்துக் கோட்டுக்குப் பெயர் பைப், ஒரு நிரல் கொடுப்பதை அடுத்த நிரலுக்குள் ஊற்றுவது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பில், தோட்டத்துக் குழாயில் இன்னொரு துண்டைத் திருகி மாட்டுவதுபோல நிரல்களை ஒன்றோடொன்று மாட்ட வழி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்த ஷெல்லெல்லாம் பிறந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளமே அப்போது பிறக்கவில்லை, அது 1969. கடைசியில் 1973-ல் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் அதை ஒரே ராத்திரியில் யூனிக்ஸுக்குள் எழுதிச் சேர்த்துவிட்டாராம், மறுநாள் அங்கிருந்த எல்லோரும் ஒற்றை வரி வித்தைகளாக எழுதித் தள்ளினார்களாம். ஒன்பது வருஷம் நச்சரித்து ஒரு ராத்திரியில் கிடைத்த பொருள். எங்கள் அண்ணன் குல்லாவோடு நின்றபடி அடித்த வரியும் அந்த வகைதான்.

சரி, இடைவெளி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அது புரிய ஒரு வருஷம் ஆனது, அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வருஷம் மிச்சமாகியிருக்கும் என்கிற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஷெல்லுக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்றே ஒன்றுதான்: வரியை இடைவெளி கண்ட இடத்தில் வெட்டு, முதல் துண்டு கட்டளை, மிச்சமெல்லாம் அந்தக் கட்டளையிடம் கொடுக்கவேண்டிய சாமான். அவ்வளவுதான். மற்ற மொழிகளில் பெரும்பாலும் இடைவெளி என்பது பார்க்க அழகாக இருப்பதற்கு, பைத்தானில் வரியின் தொடக்கத்தில் மட்டும் அதற்கு மரியாதை. ஷெல்லில் அதுதான் அரிவாள்மனை. நான் வேரியபிள் பெயருக்குப் பிறகு இடம் விட்டதும், ஷெல் அங்கே வெட்டி, அந்தப் பெயரில் ஒரு கட்டளையைத் தேடிப் போயிருக்கிறது. சமக்குறியும் 5-ம் அந்தக் கட்டளைக்குப் போகவேண்டிய சாமான். அது கேட்டது நியாயமான கேள்விதான், அப்படி ஒரு கட்டளை எங்கே?

அடைப்புக்குறி கதை இன்னும் வேடிக்கை. இஃப் வரியில் வரும் அந்தத் திறக்கும் சதுர அடைப்புக்குறி குறியே இல்லை, அது ஒரு நிரல். நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, யூஎஸ்ஆர் அடியில் பின் என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்) போய்ப் பாருங்கள், பட்டியலில் [ என்று தனியாக உட்கார்ந்திருக்கும். நான் முதலில் ஏதோ குப்பை ஃபைல் என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன், நல்ல வேளை அனுமதி இல்லை. டெஸ்ட் என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. அது நிரல் என்றால் அதன் பெயருக்குப் பிறகு இடைவெளி வேண்டாமா? எல்எஸ்ஸுக்கும் அடைவின் பெயருக்கும் நடுவில் விடுகிறோம் அல்லவா, அதேபோலத்தான். மூடும் அடைப்புக்குறி, அந்த நிரல் தனக்குக் கடைசியாகக் கொடுக்கப்பட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒரு சாமான், வெறும் அலங்காரம். இது தெரிந்த அன்றைக்கு மாமியார் மருமகள் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான் என்று விளங்கியது.

இஃப்பை எஃப்ஐ என்று தலைகீழாக எழுதி மூடுவதும் கேஸை அதேபோல் கவிழ்த்து மூடுவதும் ஸ்டீபன் போர்ன் செய்த வேலை. அவருடைய ஷெல் 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. அல்கால் 68 என்ற மொழியில் ஊறியவர், அதிலிருந்து எடுத்த பழக்கம். அந்தக் கணக்குப்படி, திரும்பத் திரும்பச் செய்யும் லூப் டூ என்று தொடங்கினால் ஓடி என்று முடியவேண்டும். ஆனால் ஓடி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு நிரல் இருந்தது, ஃபைலை எட்டடிமான எண்களாக, அதாவது 0 முதல் 7 வரை மட்டும் இலக்கம் கொண்ட எண்களாகக் கொட்டிக் காட்டுவது. அதனால்தான் அது மட்டும் டன். முன்னாலேயே இடம் பிடித்தவனை எழுப்ப முடியுமா? நாம் இன்று பெரும்பாலும் எழுதும் பாஷ், 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது, பெயரே போர்னை வைத்துச் செய்த சிலேடை, மறுபிறவி எடுத்த போர்ன் என்ற மாதிரி. நாற்பது ஐம்பது வருஷத்துக் கட்டடம், ஒவ்வொரு தலைமுறையும் ஒரு ரூம் இழுத்துக் கட்டியிருக்கிறது, சுவர் கோணலாக இருப்பதற்கெல்லாம் காரணம் கேட்டால் கதை கதையாக வரும்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று, வெட்கக்கேடானது. தாத்தாவின் சதாபிஷேகம் முடிந்து, ஆளாளுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ தள்ளிவிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கினேன், 200 சொச்சம். வாட்ஸ்அப் வெப்பில் இறக்கும் படத்தின் பெயர் எப்படி இருக்கும் தெரியுமல்லவா? வாட்ஸ்அப், இமேஜ், தேதி, அட், நேரம், கடைசியில் ஏஎம் அல்லது பிஎம் புள்ளி ஜேபெக், நடுநடுவே இடைவெளி. சுருக்கமான பெயராக மாற்றிவிடலாம், நமக்குத்தான் ஸ்கிரிப்ட் தெரியுமே என்று ஒரு ஃபார் லூப் எழுதினேன். எல்எஸ் கொடுக்கும் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராக எடு, பெயர் மாற்று. ஓட்டினால், அப்படி ஒரு ஃபைல் இல்லை, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று திரை முழுக்க ஓடுகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒரு படத்துக்கு ஆறு முறை திட்டு. பெயரில் ஆறு சொல். அரிவாள்மனை தன் வேலையைச் செய்திருக்கிறது, ‘அட்’ என்ற பெயரில் ஒரு படம் எங்கே என்று 200 முறை கேட்டிருக்கிறது.

எல்எஸ்ஸை வைத்து லூப் ஓட்டாதே, எல்லா ஃபைலும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை நேராகப் போடு, வேரியபிளை எடுத்து எங்கே பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் போடு என்று எங்கோ படித்தேன். அந்த மேற்கோள் என்ன செய்கிறது என்றால், இதற்குள் கத்தியை வைக்காதே என்று ஷெல்லுக்குச் சொல்கிறது. போட்டேன். ஒரு திட்டும் இல்லை. சத்தமே இல்லாமல் ஓடி முடிந்தது. அடைவைத் திறந்தால் மூன்று படம்.

இருநூற்றுச் சொச்சம் போய் மூன்று.

நான் புதுப்பெயராக வைத்தது தேதியை மட்டும். விசேஷம் நடந்தது மூன்று நாள். ஒரே நாளில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே பெயருக்கு மாறப் போய், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு நாளின் கடைசிப் படம் மட்டும் பிழைத்திருக்கிறது. பெயர் மாற்றும் எம்வி கட்டளை, அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதே, மேலே எழுதட்டுமா என்று கேட்காது. நீ சொன்னாய், நான் செய்தேன். கேட்கவேண்டுமென்றால் -i என்று ஒரு சுவிட்ச் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் எழுத்து), மேலே எழுதவே கூடாது என்றால் -n என்று ஒரு சுவிட்ச், முன்கூட்டியே நாம்தான் சொல்லவேண்டும். படங்கள் போனில் இருந்ததால் தப்பித்தேன், திரும்ப உட்கார்ந்து 200 படத்தை இறக்கும்போது அம்மா வந்து, “ஏன்டா, நேத்துதானே இதெல்லாம் ஏத்துனே?” என்றாள். என்ன சொல்ல?

அதிலிருந்து ஒரு பழக்கம். எம்வி, ஃபைலை அழிக்கும் ஆர்எம், எது எழுதினாலும் முதலில் அதற்கு முன்னால் எக்கோ என்று ஒரு சொல்லைப் போட்டு ஓட்டுவேன். என்ன செய்யப் போகிறோம் என்பதைச் செய்யாமல் வாசித்துக் காட்டும். பட்டியலை ஒரு முறை கண்ணால் ஓட்டிவிட்டு, திருப்தியானால் எக்கோவை எடுப்பேன். இதில் இன்னொரு லாபம், நட்சத்திரக் குறியை விரிப்பது யார் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். வெறும் எக்கோவும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் அடித்துப் பாருங்கள், அந்த அடைவில் இருக்கும் ஃபைல் பெயர் எல்லாம் வரும். எக்கோவுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. ஷெல்தான் நட்சத்திரத்தைப் பெயர்களாக விரித்துவிட்டு அப்புறம் எக்கோவைக் கூப்பிடுகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், 2015 ஜனவரியில் லினக்ஸில் ஸ்டீம் கேம் மென்பொருளோடு வந்த ஒரு ஸ்கிரிப்ட் செய்த காரியம். தான் எந்த அடைவில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளும், பின்னால் ஓரிடத்தில் அந்த வேரியபிள், ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம், இவ்வளவையும் ஆர்எம்மிடம் கொடுக்கும். ஒருவர் தன் ஸ்டீம் அடைவை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார். வேரியபிள் காலி. காலி, சாய்கோடு, நட்சத்திரம் என்றால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரின் வேரிலிருந்து, அதாவது எல்லா அடைவுகளும் தொடங்கும் இடத்திலிருந்து, எல்லாம். அவருக்கு எழுத அனுமதி இருந்த ஃபைல் அத்தனையும் போனது, செருகியிருந்த வெளி டிஸ்க்கில் இருந்த பேக்கப் உட்பட. வேர் அடைவை அழிக்கச் சொன்னால் மறுக்கும் பாதுகாப்பு ஆர்எம்முக்கு உண்டு, ஆனால் அது உதவவில்லை, ஏனென்றால் ஷெல் நட்சத்திரத்தை விரித்து, ஹோம், யூஎஸ்ஆர் என்று தனித்தனிப் பெயர்களாகத்தான் கொடுத்தது, ஆர்எம்மின் காதில் ‘வேர்’ என்ற சொல்லே விழவில்லை. கொடுமை என்னவென்றால் அந்த வரிக்கு மேலே, எழுதியவரே பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். மேற்கோள் குறி கூடச் சரியாகத்தான் போட்டிருந்தது. காலியான வேரியபிளை மேற்கோள் காப்பாற்றாது. ஸ்கிரிப்டின் தலையில் செட் கட்டளையோடு யூ சுவிட்சைப் போட்டால், மதிப்பே கொடுக்காத வேரியபிளைத் தொட்டதும் நின்றுவிடும். ஆனால் மதிப்புக் கொடுத்து அந்த மதிப்பு காலியாக இருந்தால் அதுவும் பேசாமல் விட்டுவிடும், அதற்கு வேரியபிளின் பெயருக்குப் பின்னால் நெளிவு அடைப்புக்குள் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதவேண்டும். அசிங்கமாகத்தான் இருக்கும். அழிக்கிற வரியில் அழகு பார்க்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆசாமி. விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை சர்வரில் ஏற்றி ஓட்டினால் பாஷ் என்ற நிரலையே காணோம் என்று ஒரு பிழை வரும். பாஷ் அங்கேயேதான் இருக்கும், நாம் அதற்குள்தான் உட்கார்ந்திருப்போம். நான் இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் காலத்தில் வரி முடிந்தால் இரண்டு வேலை, அச்சுத் தலையை இடது ஓரத்துக்குத் தள்ளுவது ஒன்று, காகிதத்தை ஒரு வரி ஏற்றுவது ஒன்று. விண்டோஸ் இன்றும் இரண்டுக்கும் ஒவ்வொரு குறி வைக்கிறது, யூனிக்ஸ் இரண்டாவதை மட்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் அந்த முதல் குறி ஒட்டிக்கொண்டு வந்து, ‘பாஷும் ஒரு ஒட்டுப்புல்லும்’ என்ற பெயரில் நிரல் தேடப் போய்விடுகிறது. கேட் கட்டளையோடு பெரிய ஏ சுவிட்ச் போட்டுப் பாருங்கள், வரிக்கு வரி ஒளிந்திருப்பது அத்தனையும் வெளியே வரும்.

ஆகஸ்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதத்து லாகைத் தேடி எடுத்துச் சுருக்கி வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன், தேதியிலிருந்து மாதத்தை எடு, ஒன்றைக் கழி. பிப்ரவரியில் போட்டது, மாதாமாதம் ஒன்றாம் தேதி ஓடும், ஜூலை வரை ஒரு குறையும் இல்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி விழுந்தது. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை! பாஷில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அது எட்டடிமான எண். 01 முதல் 07 வரை இரண்டு கணக்கிலும் ஒன்றுதான், அதனால் வெளியே தெரியவில்லை. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது, 08 வந்ததும் கையை விரித்துவிட்டது. செப்டம்பரும் அதே கதி. திருத்தாமல் விட்டிருந்தால் அக்டோபரில் 10 வந்து தானாகச் சரியாகியிருக்கும், அடுத்த ஆகஸ்டில் மறுபடி ஆடியிருக்கும். எண்ணுக்கு முன்னால் 10# என்று எழுதினால் பத்தடிமானமாகவே எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று எழுத்துக்காக அன்றைக்கு லீவு போச்சு.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டிவிடும் கிரானில் போட்டால் ஓடாது, கையால் ஓட்டினால் ஓடும் என்று புலம்பாதவர் யாராவது உண்டா? கிரான் உங்கள் டெர்மினலைப் போல எல்லா அடைவுகளையும் தேடாது, அதனால் கட்டளைகளுக்கு முழுப் பாதை எழுதுங்கள். கிரான் அட்டவணையில் சதவீதக் குறி என்றால் வரி முடிந்தது என்று அர்த்தம், சதவீதக் குறி வைத்து எழுதும் தேதி வடிவத்தை அங்கே நேராக எழுதினால் பாதி வரி காணாமல் போகும். அவ்வளவுதான், இதற்கு மேல் கிரானைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

தமிழ் ஃபைல்களோடு புழங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நம் கணக்கில் மூன்று எழுத்து. எழுத்தை எண்ணும் டபிள்யூசி கட்டளையிடம் எம் சுவிட்ச் கொடுத்துக் கேட்டால் ஐந்து என்னும், த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. சி சுவிட்ச் கொடுத்தால் 15 பைட், ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம். எக்கோவிலிருந்து பைப் வழியாக அனுப்பினால் வரி முடிவும் சேர்ந்து இரண்டிலும் ஒன்று கூடும். ரெவ் என்ற கட்டளையில் அதைத் திருப்பிப் போட்டால் முன்னால் ஓர் அநாதைப் புள்ளி, அப்புறம் ழி, ம, த. கொக்கி பக்கத்து வீட்டுக்காரனைப் போய்க் கட்டிக்கொண்டுவிட்டது! ஒரு பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தப் போய், ற-வும் ன-வும் நடுவில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து நான் அகராதியையே சந்தேகப்பட்டேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ர-வுக்கு அடுத்து ற, ந-வுக்கு அடுத்து ன. பைட் கணக்கில் அடுக்கினால் அந்த வரிசைதான் வரும், நம் நெடுங்கணக்கு வராது. இன்னொரு வேடிக்கை, பாஷில் வேரியபிளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது, ஆனால் ஃபங்ஷனுக்கு வைக்கலாம். என் மெஷினில் ‘கிளம்பு’ என்று அடித்தால் அன்றைய குறிப்புகளைச் சேமித்துவிட்டு மெஷின் அணையும். பெருமைக்குத்தான், வேறு பிரயோஜனம் இல்லை.

எதில் கற்றுக்கொள்வது என்று கேட்கிறார்கள். கோர்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பேன். தினமும் கையால் செய்கிற, அலுப்புத் தட்டுகிற ஒரு வேலை உங்களிடம் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது காலை ஆறு மணிக்குப் பதினோரு சர்வரில் டிஸ்க் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து மெயில் அனுப்புவது, 50 நிமிஷம் பிடிக்கும், 14 வரி ஸ்கிரிப்டில் முடிந்தது. அப்புறம் அந்த ஸ்கிரிப்டை பாஷ் கட்டளையில் எக்ஸ் சுவிட்சோடு ஓட்டுங்கள், ஒவ்வொரு வரியையும் வெட்டி விரித்த பிறகு எப்படி இருக்கிறது என்று கூட்டல் குறி போட்டுக் காட்டும், கத்தி எங்கே விழுந்தது என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஸ்கிரிப்டில் பிழை பார்க்கும் ஷெல்செக் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது, எழுதியதை அதில் கொடுங்கள், நீங்கள் அதிகம் பார்க்கப் போகும் எச்சரிக்கை 2086-ம் நம்பர், மேற்கோள் போட மறந்துவிட்டாய் என்று. எனக்கு அது வண்டி நம்பர் மாதிரி மனப்பாடம். நூறு வரி தாண்டினால் பைத்தானுக்குப் போய்விடுங்கள், அதற்கு மேலும் ஷெல்லில் எழுதுகிறவர்கள் வீம்புக்காரர்கள், நானும் இரண்டு மூன்று முறை வீம்பு பிடித்திருக்கிறேன்.

மேக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உஷார். 2019-ல் வந்த காட்டலினா என்ற மேக் பதிப்பிலிருந்து அங்கே வழக்கமான ஷெல் இசட்எஸ்எச். அது, மேற்கோள் போடாத வேரியபிளை இடைவெளியில் வெட்டாது. நல்ல குணம்தான், ஆனால் உங்கள் மெஷினில் டெர்மினலில் அடித்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது சர்வரில் பாஷில் போய்த் துண்டு துண்டாகும்.

போன வாரம் இதுதான் நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், மேக்காரன், ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினான். வரும் ரிப்போர்ட் ஃபைல்களை எடுத்து மாதவாரியாக அடைவில் போடவேண்டும். ஏஐயிடம் கேட்டு வாங்கி அங்கங்கே கை வைத்திருக்கிறான், கை வைத்த இடத்திலெல்லாம் மேற்கோள் காணோம். சொன்னேன். “அண்ணா, இதெல்லாம் சிஸ்டம் அனுப்புற ஃபைல், பேர்ல யாரு ஸ்பேஸ் வைக்கப் போறா?” என்றான். சரி, ஓட்டிப் பார், எக்கோ போட்டு ஓட்டு என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அக்கவுண்ட்ஸில் யாரோ சிஸ்டம் அனுப்பியதைத் திறந்து, ஒரு எண்ணைத் திருத்தி, திரும்பச் சேமித்து அதே அடைவில் போட்டிருக்கிறார்கள். ஃபைலின் பெயர் ‘ஃபைனல் ரிப்போர்ட் நியூ காப்பி (2)’. நடுவில் நாலு இடைவெளி, போதாக்குறைக்குக் கடைசியில் இன்னும் ஒன்று.